பொங்கல் கழித்துப் பச்சையாகும் கடல்

ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஃபைபர் போட்டில், நீரோட்டத்தோடு மிதந்து திரியும் சின்னஞ்சிறு உயிர்களைப் பிடிக்கும் வலையோடு போனோம். 48 மைக்ரான் (மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்கு) துளையுள்ள துணியில் தைத்த புனல் மாதிரி வலை, வால் முனையில் ஒரு குப்பி. அரை மணி நேரம் மெதுவாக இழுத்துவிட்டுத் தூக்கினால், குப்பி நிறைய டீ நிறத்தில் வண்டல். போட் ஓட்டிய அண்ணன் சிரித்தார். “இப்ப சேறுதான் சார் வரும். பொங்கல் கழிச்சு வாங்க.”

அவர் சொன்னதுதான் இந்தக் கடலின் நாட்காட்டி. குளிர்நாட்டுக் கடல்களில் இந்த மிதவை உயிரிகளை (பிளாங்டன்) ஆட்டிவைப்பது குளிரும் வெயிலும். நம் கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பானது. இங்கே கணக்கை மாற்றுவது மழையும் ஆறும்தான்.

கடலூருக்கு வருட மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். தென்பெண்ணை, கெடிலம், தெற்கே வெள்ளாறு எல்லாம் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா என்று உரத்தைக் கடலுக்குள் தள்ளும். சிலிக்கா முக்கியம், ஏனென்றால் இங்கே தாவர மிதவைகளில் பெரும்பான்மை டயட்டம் என்ற ஒற்றைச் செல் பாசி, அதன் ஓடே ஒருவகைக் கண்ணாடி. வேடிக்கை என்னவென்றால், உரம் அதிகம் இருக்கும் அந்த மாதங்களில்தான் கரையோரத்தில் டயட்டம் மிகக் குறைவு. கலங்கல் நீரில் வெளிச்சம் இறங்காது, முகத்துவாரத்தில் உப்பு சட்டென்று குறையும், மிச்சம் இருப்பதை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். சாப்பாடு இருக்கிறது, விளக்கு இல்லை.

தை பிறந்ததும் அதே இடத்தில் வலை போட்டோம். குப்பியில் பழுப்பும் பச்சையும் கலந்த குழம்பு. நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்தால், காஸ்கினோடிஸ்கஸ் என்ற டயட்டம் சல்லடைத் தட்டு மாதிரி வட்டமாகக் கிடக்கிறது. கீட்டோசெராஸ் என்ற இன்னொன்று முடி நீட்டிய மணிச்சரம். நடுவே கோப்பிபாட் (இறால் இனத்துக்குத் தூரத்துச் சொந்தமான குட்டி விலங்கு மிதவை) ஒன்று வெடுக்கென்று துள்ளிப் பார்வையை விட்டு ஓடுகிறது. டயட்டம் ஒரு நாளில் இரண்டாகப் பிரிந்தால் போதும், பத்து நாளில் ஒன்று 1,024 ஆகும். அதை மேயும் கோப்பிபாட் வளர ஒன்றிரண்டு வாரமாவது வேண்டும், அதனால் விலங்கு மிதவை சற்றுப் பிந்தித்தான் பெருகும். அப்புறம் நெத்திலி, மத்தி.

கரையைத் தாண்டினால் கதை வேறு. வங்கக் கடலின் மேற்பரப்பில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொட்டிய உப்புக் குறைந்த நீர், எடை குறைவாக இருப்பதால், மூடி போல் படர்ந்திருக்கும். கார்த்திகை வாக்கில் கரையோர நீரோட்டம் அதில் கொஞ்சத்தைத் தெற்கே நம் பக்கமும் இழுத்து வரும். பழைய சோற்றுப் பானைதான்: மேலே நீராகாரம், சோறு அடியில், அதாவது உரம் அடியில். லேசான காற்று அதைக் கலக்காது. புயல் கலக்கும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறிய ‘தானே’ மாதிரிப் புயல்கள் கடலை அடியோடு கிண்டிவிட்டால், போன தடத்தில் சில நாட்களில் குளோரோஃபில் (தாவர மிதவைகளின் பச்சையம்) கூடுவதுண்டு. செயற்கைக்கோளில் பார்க்கலாம், மேகம் விலகினால். மழைக்காலத்தில் அதுதான் தொல்லை, மேகத்துக்குக் கீழே கடலின் நிறத்தைச் செயற்கைக்கோளால் பார்க்க முடியாது. ஆகவே போட்டும் குப்பியும் இன்னும் தேவைப்படுகின்றன. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தினர் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வருடக் குப்பிகளை வைத்து இதுதான் வழக்கம் என்று சொல்லவும் முடியாது. 2015-இல் கடலூரே மிதந்தது. அடுத்த வருடம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அந்த மாதிரி வருடத்தில் பொங்கல் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை, கார்த்திகையிலேயே தண்ணீர் தெளிந்திருக்கும். ஆறு கொண்டுவரும் உரம்தான் அதில் இருக்காது.