பெட்டி பாடாத சுரம்

அகூஸ்டிக் பேஸ் கிட்டாரை, அதாவது கீழ்ச்சுரங்களை வாசிக்கிற பெட்டி கிட்டாரை, முதன்முதலாக மடியில் வைத்துத் தட்டிப் பார்க்கும்போது மயங்காமல் இருப்பது கஷ்டம். வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்டி ‘தும்ம்’ என்று அதிரும். அந்த அதிர்வு விலா எலும்பு வரை ஏறும். அதே வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, நண்பர் ஒருவர் சாதாரண கிட்டாருடன் எதிரே உட்கார்ந்து நாலு கார்டு வாசிக்கட்டும். பேஸ் காணாமல் போய்விடும். வாசிப்பவருக்குக் கேட்கும், காரணம் அவர் விலாவில் பெட்டி இடித்துக்கொண்டிருக்கிறது. எதிரே இருப்பவருக்கு விரல் அசைவதுதான் தெரியும்.

நானும் இப்படி ஏமாந்து வாங்கியவன்தான். மலிவு விலையில் கைமாறி வந்த பழைய வாத்தியம் என்பதால் குறை அதில்தான் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். இல்லை, குறை இயற்பியலில் இருக்கிறது.

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளில் தடிமனானது ஈ. நொடிக்கு 41 தடவைக்குச் சற்று அதிகமாக அதிர்கிறது, அதாவது 41.2 ஹெர்ட்ஸ். காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், இந்தச் சுரத்தின் ஓர் அலை 8.3 மீட்டர் நீளம். மூன்று ஆட்டோக்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அவ்வளவு நீளமான அலையை, அரை மீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒரு மரப்பெட்டி காற்றில் எழுப்ப வேண்டும். சின்ன விசிறியால் கல்யாண மண்டபத்துக்கே காற்று வீசுகிற வேலை அது.

பெட்டி எப்படி ஒலிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, குழாயடியில் குடத்தில் தண்ணீர் பிடிக்கும் சத்தத்தை நினைத்துப் பாருங்கள். குடம் நிறைய நிறைய சத்தத்தின் சுருதி ஏறிக்கொண்டே போகும். உள்ளே காற்று குறையக் குறைய அதன் இயல்பான அதிர்வெண் உயர்கிறது. கிட்டார் பெட்டிக்கும் இப்படி ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. வட்டத் துளையில் இருக்கும் காற்று ஒரு சின்ன எடை போலவும், உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போலவும் சேர்ந்து முன்னும் பின்னும் ஆடுகின்றன. இதை ஆராய்ந்த ஜெர்மானிய அறிவியலர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரால் இன்றும் இதை ‘ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு’ என்கிறோம். சாதாரண கிட்டாரில் இது 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அகூஸ்டிக் பேஸின் பெட்டி அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது என்பதால் அதிர்வெண்ணும் கொஞ்சம்தான் இறங்குகிறது.

அந்த எல்லைக்கு மேலே பெட்டி உதவி செய்கிறது. கீழே போனால் உபத்திரவம் செய்கிறது. முகப்பலகை வெளிப்பக்கமாகத் தள்ளும்போது துளை வழியாகக் காற்று உள்ளே போகிறது. பலகை உள்ளே வாங்கும்போது காற்று வெளியே வருகிறது. ஒன்று கொடுப்பதை மற்றொன்று பிடுங்கிக்கொள்கிறது. துளையை மாற்றாமல் 100 ஹெர்ட்ஸை 41க்கு இறக்க வேண்டுமானால், உள்ளிருக்கும் காற்றின் கொள்ளளவை ஏறத்தாழ 6 மடங்கு ஆக்க வேண்டும். மடியில் வைத்து வாசிக்கிற பெட்டியாக அது இருக்காது. ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிற டபுள் பேஸின் காற்று ஒத்ததிர்வே 60 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போதாக்குறைக்கு நம் காதும் பேஸுக்கு ஓரவஞ்சனை செய்கிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலி சில டெசிபெல் இருந்தாலே கேட்டுவிடுகிற காதுக்கு, 40 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கவே 50 டெசிபெல் அளவுக்கு வேண்டும்.

பிறகு எப்படி அந்த ‘தும்ம்’ கேட்டது? இங்கேதான் காது தன் ஓரவஞ்சனைக்குப் பிராயச்சித்தம் செய்கிறது. தந்தி 41 ஹெர்ட்ஸில் மட்டும் அதிர்வதில்லை. 82, 124, 165 என்று அதன் மடங்குகளிலும், அதாவது மேற்சுரங்களிலும், சேர்ந்தே அதிர்கிறது. இவற்றைப் பெட்டி ஓரளவு நன்றாகவே வெளியே அனுப்பிவிடும். மூளை அவற்றுக்கிடையே உள்ள சீரான 41 இடைவெளியைக் கண்டுபிடித்து, வராத அடிச்சுரத்தைத் தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது. டீக்கடை டிரான்சிஸ்டரில் எண்பதுகளின் பாட்டு கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. உள்ளங்கை அகல ஸ்பீக்கருக்கு 41 ஹெர்ட்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் பேஸ் கிட்டாரின் நடையைப் பிசகாமல் கூடவே முணுமுணுத்தோம்.

மெக்சிகோவின் மரியாச்சிக் குழுக்கள் இந்த வித்தையைக் கையாலேயே செய்கின்றன. அவர்களுடைய கித்தர்ரோன் என்ற பெருவயிற்று வாத்தியத்தில், கீழ்ச்சுரத்தையும் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே (அதாவது இரு மடங்கு அதிர்வெண்ணில்) உள்ள அதே சுரத்தையும் இரண்டு தந்திகளில் ஒரே சமயத்தில் இழுத்து விடுவார்கள். பெட்டியால் முடியாததை மேல் ஸ்தாயி தாங்கிப் பிடிக்கும். தந்தி வியாபாரத்தில் பெயர் பெற்ற அமெரிக்கர் எர்னி பால், இந்த வாத்தியத்தைப் பார்த்துத்தான் அகூஸ்டிக் பேஸ் யோசனைக்கு வந்தார். ஃபெண்டர் கம்பெனியில் முன்பு வேலை பார்த்த ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் சேர்ந்து 1972 இல் ‘எர்த்வுட்’ என்ற பேஸை வெளியிட்டார். இன்றைக்குக் கடையில் கிடைப்பவற்றைவிட அது அகலமும் ஆழமும் அதிகம். நியாயமாகவே சத்தமும் அதிகம். கட்டிப்பிடித்து வாசிக்கத்தான் ஆள் வேண்டும். 1974 இல் தயாரிப்பு நின்று, சில வருடம் கழித்துத் திரும்பத் தொடங்கி, 1985 இல் ஒரேயடியாக நின்றுபோனது. பின்னால் வந்தவர்கள் பெட்டியை ஒடுக்கி உள்ளே, அதிர்வை மின்குறியாக மாற்றும் ஒரு பிக்அப்பை வைத்துவிட்டார்கள். சத்தத்தைப் பெருக்க ஆம்ப் இருக்கிறது என்ற தைரியம். என் கணக்கில், அன்றிலிருந்து அகூஸ்டிக் பேஸ் என்பது மின்சாரத்தை நம்பி வாழ்கிற வாத்தியம்தான். பெயர் மட்டும் பழசு.

அந்த மின்சாரப் பகுதியில்தான் நான் சரியாக அடிவாங்கினேன். ஒரு கிறிஸ்துமஸ் கேரல் நிகழ்ச்சி. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு கிட்டார், கஹோன் என்ற பெட்டி மேளம் ஒன்று, நான். கேபிளை நேராக மிக்சரில் செருகினேன். ஸ்பீக்கரில் தகர டப்பாவில் ரப்பர் பேண்ட் கட்டி வாசித்தது போல ஒரு சத்தம். “அண்ணே, பேஸே வரலையே?” என்றார் சவுண்டுக்காரத் தம்பி. கீழ்ச்சுரங்களைக் கூட்டும் லோ நாபைத் திருகினார். வரவில்லை. இன்னும் திருகினார். திடீரென்று நான் தந்தியைத் தொடாமலேயே ‘ஊஊ’ என்று மண்டபமே ஊளையிட்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

ஒரே மாலையில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலில் தகர டப்பா.

இந்த வாத்தியங்களில் பெரும்பாலும் தந்திகள் அமர்ந்திருக்கும் எலும்பு வெள்ளைப் பட்டைக்கு, அதாவது சேடிலுக்கு, அடியில் ஒரு பீசோ பட்டை இருக்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1880 இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். கேஸ் லைட்டரை ‘டக்’ என்று அமுக்கும்போது பொறி பறப்பதும் அதனால்தான். தந்தியின் அதிர்வு சேடிலை அமுக்க, பட்டையில் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. ஆனால் இந்தப் பட்டை மின்சாரக் கண்ணுக்கு ஒரு குட்டி மின்தேக்கி. அதில் பிறக்கிற மின்னூட்டம் மிகக் கொஞ்சம். இணைத்த கருவியின் உள்ளீட்டு மின்தடை குறைவாக இருந்தால், அந்த மின்னூட்டம் ஒழுகிப் போய்விடும். மெதுவாக ஏறி இறங்குகிற கீழ்ச்சுரங்களுக்கு ஒழுக நேரம் அதிகம், எனவே முதலில் சாவது அவைதான்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பட்டையின் மின்தேக்குதிறன் 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். மிக்சரின் லைன் உள்ளீடு வழக்கமாக 10 கிலோ ஓம் அளவில் இருக்கும். இந்த ஜோடியின் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 16,000 ஹெர்ட்ஸ்! அதற்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் மின்னழுத்தம் பாதி பாதியாகக் குறைகிறது. பேஸ் கிட்டாரில் இருப்பதெல்லாம் அதற்குக் கீழேதான். ஈ தந்தியின் அடிச்சுரம் கிட்டத்தட்ட 390 இல் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். சரி, சாதாரண கிட்டார் ஆம்பில் 1 மெகா ஓம் இருக்கிறதே என்றால், அங்கும் வெட்டு 159 ஹெர்ட்ஸில் விழுகிறது. ஈ தந்திக்குக் கால் பங்கு மின்னழுத்தம் மிஞ்சும். 10 மெகா ஓம் கொடுத்தால்தான் வெட்டு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கி முழுச் சுரமும் வந்து சேர்கிறது. மிக்சருக்கும் பட்டைக்கும் நடுவே பீசோவுக்கென்று செய்த ஒரு ப்ரீஆம்ப், அதாவது முன்பெருக்கி, வேண்டும் என்பது இதனால்தான். புது வாத்தியங்களில் அது பெட்டிக்குள்ளேயே, பேட்டரியோடு இருக்கிறது. என் பழசில் இல்லை. தம்பி என்ன திருகியும் பிரயோஜனம் இருந்திருக்காது. கடலில் கலந்துவிட்ட பெருங்காயத்தைத் தேடிக்கொண்டிருந்தார் பாவம்.

இதில் ஒரு வேடிக்கை. காந்தப் பிக்அப் உள்ள எலெக்ட்ரிக் கிட்டாரில் கேபிள் நீண்டால் மேல் அதிர்வெண்கள் மழுங்கும். பீசோவில் அப்படி இல்லை. கேபிளும் ஒரு மின்தேக்கி என்பதால் இருவரும் மின்னூட்டத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், மொத்தச் சத்தமும் சீராகக் குறைகிறது. குரல் மாறாது.

இனி அந்த ஊளை. ஒலியை வெளியே அனுப்பத் திணறிய அதே பெட்டி, உள்ளே வாங்குவதில் கெட்டிக்காரன். ஸ்பீக்கரின் சத்தம் முகப்பலகையை அசைக்கும், பலகை சேடிலை அசைக்கும், பிக்அப் அதை மீண்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஒரு சுற்று முடியும்போது கிளம்பியதைவிடப் பலமாகத் திரும்பிவந்தால் ஃபீட்பேக். பெட்டிக்கு மிகவும் பிடித்த அதிர்வெண்ணில்தான் அது முதலில் பிடித்துக்கொள்ளும். என் வாத்தியத்தில் அது ஜி தந்தியின் 98 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது. கையால் அழுத்தாமல் விட்ட அந்தத் தந்தியும் சேர்ந்து ஆடி எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது.

மிக எளிய மருந்து, ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைப்பது. கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றில் அழுத்தும்போது ஒலி மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். வாயை மூடினால் உள்காற்றின் விளையாட்டே வேறாகிவிடுகிறது. துளையை மூடியதும் 98 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒத்ததிர்வு அடங்கும். ஆம்ப் இல்லாமல் வாசித்தால் சத்தம் குறையும்தான், ஆனால் பீசோ நேராகத் தந்தியைக் கேட்கிறது, துளையை அல்ல. அடுத்த மருந்து, பல ப்ரீஆம்ப்களில் இருக்கும் ‘ஃபேஸ்’ பட்டன். அது அலையைத் தலைகீழாக்குகிறது: தள்ள வேண்டிய நேரத்தில் ஸ்பீக்கர் இழுக்கும், சுற்று அறுந்துபோகும். 98 ஹெர்ட்ஸில் அரை அலை சுமார் 1.75 மீட்டர். அதனால் ஸ்பீக்கரிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்றாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும்; நடுவில் மேடையில் இடம் மாறினால் பட்டனின் பலனும் மாறிப்போகும். பட்டன் வேலை செய்யவில்லை என்று திட்டுகிறவர்களில் பலர் நகர்ந்து வாசிக்கிறவர்கள்.

துளையை மூடிய பிறகு லோ நாபைத் திருகலாம். ஆனால் 40 ஹெர்ட்ஸைத் தூக்க வேண்டாம். ஒரு ஸ்தாயி கீழே அதே சத்தம் வர ஸ்பீக்கர் காகிதம் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். சின்ன ஆம்பானால் காகிதம் கிழிகிற கதைதான். 80 முதல் 160 வரை கொஞ்சம் ஏற்றினால் போதும், மிச்சத்தைக் கேட்பவரின் மூளை இலவசமாகச் செய்துகொள்ளும். 35க்குக் கீழே வெட்டிவிடுவது இன்னும் நல்லது. முழங்கை பெட்டியில் இடிப்பதைக்கூட பீசோ சிரத்தையாகக் கேட்டு அனுப்புகிறது.

விரலும் இடத்துக்கேற்ப மாற வேண்டும். தந்தியைச் சரியாக நடுவில் மீட்டினால் அடிச்சுரம் கொழுக்கும், ஆனால் முதல் மேற்சுரமான 82 பிறக்கவே பிறக்காது. ஆம்ப் இல்லாத வீட்டில் அது பெரிய நஷ்டம். பெட்டியால் பாட முடிந்தவற்றில் முதலாவது அதுதான். எனவே வீட்டில் சேடில் இருக்கும் பிரிட்ஜ் பக்கம் தள்ளி, நகம் படாமல் விரல் சதையால் மீட்டுகிறேன். ஆம்பில் இணைத்ததும் கை தானாகக் கழுத்துப் பக்கம் போய்விடுகிறது, பலமும் பாதியாகக் குறைகிறது. ஓங்கி இழுத்தால் சத்தம் கூடாது, தந்தி கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டையில் (ஃப்ரெட்) பட்டு ‘டர்ர்’ என்கிறது. வெண்கலச் சுற்றுத் தந்தியில் விரல் வழுக்கும் ‘கீச்’சை பீசோ பெரிதாக்குவதால், கறுப்பு நைலான் நாடா சுற்றிய தந்திக்கு மாறிவிட்டேன்.

மறு வருட கேரலுக்கு மூடியோடும் ஒரு சின்ன ப்ரீஆம்ப் டப்பாவோடும் போனேன். அதே தம்பிதான். “என்னண்ணே, ஓட்டைய அடச்சிட்டீங்க? சத்தம் எப்படி வெளிய வரும்?” என்றார். கேபிளை நீட்டினேன். செருகி, லோ நாபில் கை வைத்தவர், ஈ தந்தி ஒன்று ஒலித்ததும் கையை எடுத்துவிட்டுக் கஹோன் மைக்கைப் பார்க்கப் போனார். மூன்றாவது பாட்டில் டப்பாவின் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்தது. கேபிள் செருகியிருக்கும் வரை உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை மறந்து, முந்தைய நாள் ஒத்திகைக்குப் பிறகு ராத்திரி முழுக்கக் கழற்றாமல் விட்டிருந்தேன்.