ஈரத் தலைக்குச் சாம்பிராணி, ஈர மீனுக்குப் புகை

தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். மகளிர் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து மாசி, அதாவது சூரை மீனை வேகவைத்துப் புகையிட்டுக் காயவைத்த கருவாடு, போட ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் ஈடு நன்றாக வந்தது. இரண்டாவது ஈட்டுக்கு மணம் தூக்கலாக இருக்கட்டும் என்று தீயைக் கூட்டி, எதிரே நிற்கும் ஆள் தெரியாத அளவுக்குப் புகை போட்டார்கள். மாசி கரியாகக் கறுத்தது, நாக்கில் கசந்தது. இரண்டு வாரம் கழித்து உடைத்தால் நடுவில் ஈரமும் ஊசல் வாடையும். "புகை கூடினால் மணமும் கூடத்தானே செய்யணும்?" என்கிறார்.

கூடாது. ஏன் கூடாது என்பதுதான் புகையில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி.

மாசி போடும் முறை தெரிந்ததுதான். சூரையை வெட்டி, உப்பு நீரில் வேகவைத்து, முள் எடுத்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி புகை, மறுபடி வெயில். 1340-களில் மாலத்தீவில் காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா ஏறக்குறைய இதையே எழுதி வைத்திருக்கிறார்: மீனை நான்காக வெட்டி, லேசாக வேகவைத்து, ஓலைக் கூடையில் போட்டுப் புகையில் தொங்கவிடுகிறார்கள், இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுகிறார்கள் என்று. அந்தத் தீவுகளின் திவேஹி மொழியில் மீனுக்குப் பெயர் 'மஸ்', நம் 'மாசி' அதை நினைவூட்டுகிறது.

இப்போது புகைக்கு வருவோம். நம் கண்ணுக்குப் புகையாகத் தெரிவது ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான குட்டிக் குட்டித் தார்த்துளிகளும் கரித்துகள்களும்தான். அவை ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகவோ நீலமாகவோ தெரிகின்றன. அந்தத் துளிகளுக்கு நடுவே, கண்ணுக்கே தெரியாமல், ஆவி நிலையில் இன்னொரு பகுதி இருக்கிறது. புகைக்கு எரிக்கும் தேங்காய் மட்டையில் இருக்கும் லிக்னின் என்ற கெட்டிப்பொருள் சூட்டில் உடையும்போது வரும் குவாயகால், சிரிங்கால் போன்ற பீனால்கள் அதில் இருக்கின்றன. புகை மணம் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் வருகிறது. மட்டையின் நாரான செல்லுலோஸும் அதன் உறவுக்காரர்களும் உடைந்து வரும் கார்போனைல்கள் என்ற பொருள்களும் அதில் இருக்கின்றன. அவை மீனின் புரதத்தோடு சேர்ந்து பொன்னிறம் தருகின்றன.

மீனுக்கு மணம் தருவது துளியா, ஆவியா? ஸ்காட்லாந்தின் ஆபர்டீன் நகரில், அரசுப் பணத்தில் நடந்த டாரி ஆய்வு நிலையத்தில் 1960-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மின்புலத்தை வைத்துப் புகையிலிருந்து துளிகளை எல்லாம் இழுத்து அகற்றிவிட்டு, மிஞ்சிய ஆவியை மட்டும் மீன்மேல் விட்டார்கள். பார்த்தால் வெறும் காற்று. ஆனால் மீனில் புகை மணம் ஏறியிருந்தது! துளிகள் அவ்வளவு சிறியவை, மீனைச் சுற்றி வளைந்து காற்றோடு போய்விடுகின்றன. ஆவியோ மீனின் மேலுள்ள ஈரத்தில் கரைந்து உள்ளே இறங்குகிறது. அப்படி ஆவி குறையக் குறைய, துளிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புது ஆவி கிளம்பி அந்த இடத்தை நிரப்புகிறது. கண்ணுக்குத் தெரியும் புகை, தெரியாத புகைக்குக் கையிருப்பு. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு வீட்டில் சாம்பிராணி போடுவார்களே, நினைத்துக்கொள்ளுங்கள். தலையை முழுக்கக் காயவைத்துவிட்டா போடுவார்கள்? துவட்டிய ஈரத் தலைக்குத்தான். மீனுக்கும் அதே பதம்தான் வேண்டும்: தண்ணீர் சொட்டக் கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும்.

அக்காவின் இரண்டாவது ஈட்டில் நடந்தது இதுதான். தீ கூடியதும் மேல்தோல் சடாரென்று காய்ந்து ஓடு மாதிரி இறுகிவிட்டது. ஆவி கரைய ஈரமில்லை, அதனால் மணம் ஏறவில்லை. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லை, அதனால் நடுவில் ஊசிப்போனது. மேலே படிந்து கறுப்பும் கசப்பும் தந்தவை கரியும் தாரும். ஒரே தவறு, மூன்று கேடு.

நான்காவதும் ஒன்று உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. தழல் விட்டு எரியும் தீயிலும், மீன் கொழுப்பு சொட்டி எரிவதிலும் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பிறக்கின்றன. இவை பெரும்பாலும் துளிகளோடும் கரியோடும்தான் பயணம் செய்கின்றன. ஆக, கெட்ட சரக்கு கரும்புகையில், நல்ல சரக்கு ஆவியில். புகை இயற்கையானது, அது என்ன செய்துவிடும் என்பவர்களிடம் நான் ஒத்துப்போக மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் புகையிட்ட மீனில் பொதுவாகக் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் பென்சோபைரீனுக்கு மேல் விடுவதில்லை.

என் நண்பர் ஒருவரின் புகைக் கொட்டகையில் தகரக் கூரையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்திருக்கிறேன். தேன் பதத்தில் கருந்தார், கை கழுவியும் இரண்டு நாள் வாடை போகவில்லை. அது மீன்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கூரையைச் சாய்த்துப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மட்டை தழல் விடாமல் கங்காகப் புகையட்டும், மூட்டம் போடுகிற மாதிரி. தட்டு தீக்கு மேலே எட்டி இருக்கட்டும்.

புகை சரிசெய்ய முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் மீன் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்புறம் வேகவைத்தாலும் புகை போட்டாலும் பாக்டீரியாதான் சாகும், ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தடித்து, தலை வலிக்கும். சூரையைக் 'கரப்பான்', அதாவது உடம்பில் அரிப்பும் தடிப்பும் வரவைப்பது, என்று பெரியவர்கள் ஒதுக்குவதற்குப் பின்னால் இப்படிக் கெட்ட மீன் தின்ற அனுபவம் இருக்கும் என்பது என் ஊகம். ஐஸ் வைத்த மீனுக்கு அந்தப் பழி வேண்டாம்.

எவ்வளவு மாசி தேறும் என்ற கணக்கும் அக்கா கேட்டிருந்தார். 100 கிலோ சூரையில் தலை, குடல், முள் போக 60 கிலோ சதை. அதில் முக்கால் பங்கு தண்ணீர், எனவே திடப்பொருள் 15 கிலோ. மாசியில் மிஞ்சும் ஈரத்தையும் சேர்த்தால் 20 கிலோ கூடத் தேறாது. மீன் விலையை ஐந்தால் பெருக்கி, அதன்மேல் ஐஸ், விறகு, கூலி போட்ட பிறகுதான் விலை சொல்ல வேண்டும்.

கொச்சியில் 1957 முதல் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, நல்ல வேலை செய்கிறது. ஆனால் ஒரு ஈட்டு மாசியில் ஹிஸ்டமின் எவ்வளவு என்று பார்க்க இந்த ஐந்து பெண்கள் கொச்சிக்கா போவார்கள்? மீன்பிடித் துறைமுகங்களில் ஏலக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு ஆய்வகம் வேண்டும். கையில் அள்ளிப் பார்க்கும் தொழிலுக்குச் செலவிடும் ஆராய்ச்சிப் பணம் வீண் போகாது என்று உறுதியாக நம்புகிறேன்.

அக்கா, அடுத்த ஈட்டில் ஒரே ஒரு தட்டை மட்டும் இப்படிப் போட்டுப் பாருங்கள்: தண்ணீர் வடிந்ததும், தோல் காய்வதற்கு முன், மெல்லிய மூட்டத்தில். இரண்டு வாரம் கழித்து ஒரு துண்டை நடுவில் உடைத்துப் பாருங்கள். ஓரமும் நடுவும் ஒரே மாதிரி காய்ந்திருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.