வால்வு மாற்றும் முன் சிடி கால்சியம் ஸ்கோர்: யாருக்கு எந்த எண்?

வால்வில் எவ்வளவு கால்சியம் படிந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் கால்சியம் ஸ்கோர். ரிப்போர்ட்டில் 1400 என்று போட்டிருக்கிறது. அது பெண்ணுடைய ரிப்போர்ட் என்றால் அயோர்ட்டிக் வால்வு (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வழியிலுள்ள வால்வு) கடுமையாகச் சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம், அதே 1400 ஓர் ஆணுக்கு வந்தால் வாய்ப்பு குறைவு. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலில் உள்ள விதி இது. ஆணுக்கு 2000, பெண்ணுக்கு 1200 தாண்டினால் கடுமையான சுருக்கம் என்று சந்தேகிக்கலாம், ஆணுக்கு 3000, பெண்ணுக்கு 1600 தாண்டினால் கிட்டத்தட்ட உறுதி, ஆணுக்கு 1600, பெண்ணுக்கு 800-க்குக் கீழே என்றால் வாய்ப்பு குறைவு. பெண்களின் வால்வு சிறியது, கால்சியத்தோடு நார்த்திசுவும் கூடுதலாகச் சேர்ந்து இறுகுவதால் கொஞ்சம் படிவே போதும்.

எல்லோருக்கும் இந்த ஸ்கேன் வேண்டியதில்லை. எக்கோவில் (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) வால்வு வழியே போகும் ரத்தத்தின் வேகம் வினாடிக்கு 4 மீட்டரைத் தொட்டு, வால்வின் இரு பக்கமும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசமும் 40 மி.மீ. பாதரசத்தை எட்டி, வால்வின் திறப்பும் 1 சதுர செ.மீ.க்குள் இருந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. சில பேருக்குத் திறப்பு சின்னதாகத் தெரியும், அழுத்த வித்தியாசம் மட்டும் 40-க்கு வராது. இதயம் தள்ளுகிற ரத்தமே குறைவாக இருந்தால் அப்படி ஆகும். கால்சியத்துக்கு ரத்த ஓட்டத்தோடு சம்பந்தமில்லை, அதனால்தான் அங்கே சிடி கைகொடுக்கிறது.

அளக்கும் விதம் சுலபம்தான். ஈசிஜி துடிப்போடு சேர்த்து எடுத்த படத்தில் 130 ஹவுன்ஸ்ஃபீல்டை (சிடியில் அடர்த்தியைக் குறிக்கும் அலகு) தாண்டும் வெள்ளைத் திட்டுகளின் பரப்பை, அடர்த்திக்கு ஏற்ப 1 முதல் 4 வரை பெருக்கிக் கூட்டுவார்கள். பக்கத்திலேயே இருக்கும் இதய ரத்தக்குழாயின் கால்சியத்தைச் சேர்த்துவிடக் கூடாது. நிறைய பேர் மாரடைப்பு அபாயம் பார்க்கும் ஸ்கோரையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள், இரண்டும் வேறு வேறு. இதற்குச் சாய ஊசி கிடையாது, போட்டால் ரத்தமே 130-ஐத் தாண்டி வெள்ளையாகிவிடும்.

அப்புறம், தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வு வைப்பதாக இருந்தால் சாயம் ஏற்றி இன்னொரு சிடி எடுப்பார்கள். அங்கே எண்ணைவிட இடம் முக்கியம். வால்வு வளையத்துக்குக் கீழே கட்டியாகக் கால்சியம் துருத்திக்கொண்டிருந்தால் புது வால்வு ஒட்டாமல் ஓரத்தில் கசியலாம், அபூர்வமாக வளையமே கிழியலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தச் சாயத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வாதக்காய்ச்சலால் கெட்ட வால்வில் கால்சியம் குறைவாகவும் சுருக்கம் கடுமையாகவும் இருக்கக்கூடும், ஆகவே அவர்களுக்கு மேலே சொன்ன எல்லைகளை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.