த்ரில்லர்: துளையில் பிறந்த சொல்

மூக்குத்துளைக்கு ஆங்கிலத்தில் 'நாஸ்ட்ரில்' என்று பெயர். அந்தச் சொல்லின் பின்பாதியும் 'த்ரில்' என்ற சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை. பழைய ஆங்கிலத்தில் துளையைக் குறித்த ஒரு பெயரிலிருந்து துளைத்தல், ஊடுருவுதல் என்ற வினை பிறந்தது. அம்பும் ஈட்டியும் செய்த அந்த வேலையை, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் உணர்ச்சிக்கும் ஏற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், படிப்பவரை அப்படி நடுங்கவைக்கும் கதைக்கு 'த்ரில்லர்' என்று பெயர் வந்தது. சினிமா அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டது.

தமிழிலும் இந்த வழக்கு உண்டு. காலில் முள் தைக்கிறது. நெஞ்சில் ஒரு சொல் தைக்கிறது. ஆனாலும் 'த்ரில்லர்' என்பதற்கு நாம் எழுதிவரும் சொற்கள் குறி தவறியே விழுகின்றன. 'பரபரப்புப் படம்' என்கிறோம். பரபரப்பு என்பது அவசரம், ஓட்டம், கூச்சல். சாலையில் பாம்பு புகுந்தாலும் பரபரப்பு, சட்டசபையில் வெளிநடப்பு நடந்தாலும் பரபரப்பு என்று செய்தித் தலைப்புகள் அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டன. 'திகில்' பேய்ப் படத்துக்குப் பொருந்தும். 'மர்மம்' உடலின் உயிர்நிலையைக் குறித்த வடசொல். நம் வர்மக்கலையில் இருப்பதும் அதுவே. இன்று அது 'யார் செய்தது' என்ற புதிரைக் குறிக்கிறது. த்ரில்லரில் பல சமயம் புதிரே இருக்காது. கொலைகாரன் யார் என்பது நமக்குத் தெரியும். அவன் பக்கத்தில் நிற்பவளுக்குத்தான் தெரியாது.

இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாக்கியவை, ஹாலிவுட்டோடு ஒப்பிட்டால் சிறு முதலீட்டில் எடுத்த ஆஸ்திரேலியப் படங்கள். 1981இல் ரிச்சர்ட் ஃபிராங்க்ளின் இயக்கிய 'ரோடு கேம்ஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' கதையில் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கொலையை ஊகிப்பார். அந்த ஜன்னலை ஓடும் லாரிக்கு மாற்றினால் என்ன என்று யோசித்தார் ஃபிராங்க்ளின். லாரி செல்லும் நல்லர்பார் சமவெளியின் பெயருக்கு லத்தீனில் 'மரமே இல்லாதது' என்று பொருள். அங்குள்ள நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் 146 கிலோமீட்டருக்கு வளைவே கிடையாது. ஒளிய மரமில்லை, திரும்ப முடக்கில்லை. ஹாலிவுட் கோடிகளைக் கொட்டி அரங்கம் போட்டு உருவாக்கும் தனிமை அங்கே மண்ணிலேயே கிடக்கிறது.

1979இல் வந்த 'மேட் மேக்ஸ்' அதற்கும் முந்தியது. இயக்குநர் ஜார்ஜ் மில்லர் மருத்துவர். அவசர சிகிச்சைப் பிரிவில் விபத்துக் காயங்களை நேரில் பார்த்தவர். படத்தின் செலவு 4 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குள் அடங்கியது. துரத்தல் காட்சியில் நொறுங்கும் வேன் மில்லருடைய சொந்த வண்டி. செலவுக்கும் வருவாய்க்கும் உள்ள விகிதத்தில் அந்தப் படம் படைத்த கின்னஸ் சாதனை 20 ஆண்டுகள் நிலைத்தது. அமெரிக்காவில் வெளியிட்டபோது, ஆஸ்திரேலிய உச்சரிப்பு எடுபடாது என்று அமெரிக்கக் குரல்களை வைத்து மறுபதிவு செய்தார்கள். மொழி ஒன்றாக இருந்தும் இப்படி நடந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

1981இல் ஆஸ்திரேலிய அரசு '10பிஏ' என்ற வரிச்சலுகையைக் கொண்டுவந்தது. படத்தில் போட்ட பணத்தைப் போல ஒன்றரை மடங்கை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடிந்தது. படங்கள் பெருகின, குப்பையும் பெருகியது.

அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தொல்காப்பியத்தில் விடை இருக்கிறது: 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே'. நான்காவதான 'இறை', ஆள்வோர் மீதான அச்சம். 1970களின் ஹாலிவுட் சதிக் கதைகள் அதை எடுத்துக்கொண்டன. ஆஸ்திரேலியர்களின் கைக்கு எட்டியவை முதல் மூன்றும். அவற்றில் அணங்கு, அதாவது தெய்வமும் பேயும், திகில் படத்துக்குரியது.

விலங்கைப் பார்ப்போம். ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' படத்துக்குச் செய்த இயந்திரச் சுறா கடல்நீரில் பழுதாகிக்கொண்டே இருந்தது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறாவைக் காட்ட முடியாததால் நீரைக் காட்டினார்கள், படம் பிழைத்தது. 2007இல் வந்த ஆஸ்திரேலியப் படமான 'பிளாக் வாட்டர்' இயந்திர முதலை செய்யும் முயற்சியிலேயே இறங்கவில்லை. உண்மை முதலைகளைத் தனியே படம்பிடித்துக் காட்சியில் இணைத்தார்கள். சதுப்புநில மரத்தில் ஏறித் தப்பிய சிலர், கீழே கலங்கல் நீர், அவ்வளவுதான் படம். நீர் அசையாத நேரத்தில்தான் நமக்கு மூச்சு அடைக்கிறது.

கள்வருக்கு 2005இன் 'உல்ஃப் கிரீக்'. செலவு சுமார் 14 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். கார் பழுதாகி நிற்கும் மூன்று இளைஞர்களுக்கு உதவ, சிரித்த முகத்தோடு ஒருவன் வருகிறான். ஏறக்குறைய பாதிப் படம் வரை எந்தக் கொடுமையும் நடப்பதில்லை. பொழுது சாய்ந்தும் வீடு வராத பிள்ளைக்காக வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கும் தாயின் நிலையில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த நிலைக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: பதைப்பு. நடந்து முடிந்ததைக் கண்டு வருவது அதிர்ச்சி. நடக்கப்போவதை அறிந்தும் தடுக்க முடியாமல் துடிப்பது பதைப்பு. இந்தச் சொல்லை அகராதியிலிருந்து தூசு தட்டி எடுக்கவும் வேண்டியதில்லை. 'பதைபதைக்க வைக்கும் காட்சி' என்று செய்திகள் இன்றும் எழுதுகின்றன. 'நெஞ்சு பதைக்கிறது' என்று வீட்டில் சொல்கிறோம்.

ஆகவே த்ரில்லரைப் 'பதைப்புப் படம்' என்றே எழுதுகிறேன். 'கிரைம் த்ரில்லர்' குற்றப் பதைப்புப் படம். 'சைக்கலாஜிக்கல் த்ரில்லர்' உளப் பதைப்புப் படம். பேய்ப் படத்துக்குத் திகிலும், துப்பறியும் கதைக்கு மர்மமும் அவற்றின் இடத்திலேயே இருக்கட்டும்.