தயங்கிய ஆய்வுகள் சேர்ந்து தெளிவாகப் பேசுவது எப்படி?

ஒரு மருந்தால் பயன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாத நான்கைந்து ஆய்வுகளைக் கூட்டினால் மட்டும் உறுதி எங்கிருந்து வரும் என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே கேள்வியை ஆராய்ந்த பல ஆய்வுகளின் முடிவுகளைக் கணக்கிட்டு ஒன்றாக்கும் மெட்டா அனாலிசிஸ் பற்றி எழக்கூடிய கேள்விகளில் இதுவே அடிப்படையானது.

மருத்துவச் சான்றுகளைத் தொகுப்பதற்காக 1993இல் தொடங்கப்பட்ட காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் ஒரு செங்குத்துக் கோடும், அதையொட்டி ஏழு கிடைக்கோடுகளும், அடியில் ஒரு சிறு வைரமும் உண்டு. ஒவ்வொரு கிடைக்கோடும் உண்மையில் நடந்த ஒரு சோதனை; அதன் நீளம், உண்மையான பயன் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதைக் காட்டுகிறது. வைரம் அவற்றைச் சேர்த்துக் கிடைத்த முடிவு. குறைமாதப் பிரசவம் நேரும் என்ற நிலையில் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரும் என்பதை நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் 1972இல் சோதித்து வெளியிட்டார்கள். பிறகு பலரும் சோதித்தார்கள். ஆனால் பெரும்பாலான கிடைக்கோடுகள் "பயனில்லை" என்பதைக் குறிக்கும் செங்குத்துக் கோட்டைத் தொட்டு நின்றதால், மருத்துவர்கள் பல ஆண்டுகள் தயங்கினார்கள். வைரமோ கோட்டைத் தொடாமல் விலகி நிற்கிறது.

அந்த விலகலின் கணக்கு அழகானது. கற்பனையாக ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம்: ஊசி போட்ட 100 பேரில் 6 குழந்தைகளும் போடாத 100 பேரில் 10 குழந்தைகளும் இறக்கின்றன. வேறுபாடு 4, ஆனால் தற்செயலுக்கு இடம்விட்டுக் கணக்கிட்டால், நூற்றுக்கு 11.5 இறப்புகள் குறைவதிலிருந்து 3.5 இறப்புகள் கூடுவது வரை எதுவும் உண்மையாக இருக்கலாம். இதே முடிவு தரும் நான்கு சோதனைகளைச் சேர்த்தால் வேறுபாடு அதே 4தான், ஆனால் இடைவெளியின் அகலம் பாதியாகிறது: 7.75 குறைவதிலிருந்து 0.25 குறைவது வரை. வேறுபாடே இல்லை என்பதைக் குறிக்கும் சுழியம் இடைவெளிக்கு வெளியே போய்விட்டது. ஆளெண்ணிக்கை நான்கு மடங்கானால் தற்செயலால் வரும் பிழை பாதியாகும் என்ற வர்க்கமூல விதியே இதன் சூத்திரதாரி. நோயாளிகளை எல்லாம் ஒரே கூடையில் கொட்டி எண்ணுவதும் இதுவல்ல. ஒவ்வொரு சோதனைக்குள்ளும் இருக்கும் ஒப்பீட்டைக் கலைக்காமல் வைத்துக்கொண்டு, பிழையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமைந்த எடையுடன் முடிவுகளைச் சராசரி எடுக்கிறார்கள். பிழை பாதியான சோதனைக்கு எடை நான்கு மடங்கு.

கேள்வியை முன்கூட்டியே வரையறுப்பது, தரவுத்தளங்களில் தேடுவது, இருவர் தனித்தனியே தேர்ந்தெடுப்பது போன்றவை, சேர்க்க வேண்டிய ஆய்வுகளை ஒழுங்காகத் தேடித் திரட்டும் முறைசார் மீளாய்வின் வழக்கமான படிகள். கிடைத்த ஆய்வுகள் ஒன்றாகச் சேர்க்கத் தகுந்தவைதானா என்று பார்ப்பதுதான் கடினம். இதே ஊசியின் பயன்பாட்டை ஏழை, நடுத்தர நாடுகளின் கிராமப்புறங்களில் பரப்பிப் பார்த்து 2015இல் வெளியான பெரிய ஆய்வில் பச்சிளங்குழந்தை இறப்பு மொத்தத்தில் கூடியிருந்தது. கர்ப்பகாலத்தை ஸ்கேன் மூலம் கணித்து, இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த உலக சுகாதார நிறுவனத்தின் 2020 சோதனையில் இறப்பு குறைந்தது. சூழல் தெரியாமல் இரண்டையும் சராசரி எடுப்பது பொருளற்ற எண்ணையே தரும்.

வெளிவராத ஆய்வுகள் இன்னொரு ஆபத்து. பயன் தெரியாத சோதனைகள் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டால் வைரம் பயனின் பக்கமே சாயும். இந்தியாவில் 2009 முதல் மருத்துவச் சோதனைகளைத் தேசியப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். பதிந்த சோதனையின் முடிவை, அது எதுவானாலும், வெளியிடாதவர்களுக்கு அடுத்த அரசு நிதியை நிறுத்திவைக்க வேண்டும் என்பது என் கருத்து.