செம்மண் கடலைச் சேர்ந்தால்

கடலைக் காப்பது கரையோரத்தவர் வேலை என்றுதான் மலையகத்தில் பலரும் நினைக்கிறார்கள். நினைப்பதில் தவறில்லை, நுவரெலியாவிலிருந்து பஸ் ஏறினால் கடலைக் காண அரை நாளாகிறது. ஆனால் ஒக்டோபர் மழையில் தேயிலை மலையிலிருந்து சிவப்பாக இறங்கும் தண்ணீருக்கு அது ஒரு தூரமே இல்லை. தலவாக்கலை, நானுஓயாப் பக்கத்து நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியைச் சேர்ந்து, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து நீர் களனியாகிக் கொழும்பு மட்டக்குளியில் கடலைத் தொடுகிறது.

அந்தச் சிவப்பு நிறம் இரும்பு ஒட்சைட்டுடையது. நம் மலை மண்ணின் களித்துகள்களில் அது பூச்சாகப் படிந்திருக்கிறது. உரத்தில் வரும் பொஸ்பரசை அந்த இரும்பு இறுகப் பிடித்துக்கொள்ளும்; அமில மண்ணில் இந்தப் பிடி இன்னும் கடுமை. போட்ட உரத்தில் சிறு பங்குதான் செடிக்குக் கிடைக்கிறது. கிழங்கும் லீக்சும் போடுகிற விவசாயி அதனாலேயே இன்னொரு கை அதிகமாக அள்ளிப் போடுகிறார். நைதரசனின் போக்கு வேறு. நைத்திரேற்றாகி, தண்ணீரில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. பொஸ்பரஸ் மண்ணின் மேல் ஏறிப் பயணம் செய்கிறது. ஆகவே மண்ணைத் தடுத்தால் அதன் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம்.

எந்த மண்ணை என்பதுதான் சிக்கல். அடைமழையின்போது கானில் ஓடும் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். மணல் சில விநாடிகளில் அடியில் உட்கார்ந்துவிடும். அதன்மேல் மெல்லிய வண்டல் ஒரு படையாக இறங்கும். மறுநாள் காலையிலும் மேல்தண்ணீர் பால்விட்ட தேநீர் போலக் கலங்கியே இருக்கும். அது களி. துகளின் அளவு பத்தில் ஒன்றானால் அது மூழ்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். 0.1 மில்லிமீற்றர் மணல் ஒரு மீற்றர் இறங்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் போதும், 0.002 மில்லிமீற்றர் களிக்கு மூன்று நாளுக்கு மேல் வேண்டும். துகள் சிறுத்தால் எடைக்குரிய மேற்பரப்பு கூடும் என்பதால், பொஸ்பரசை அதிகம் சுமப்பதும் இந்தக் களிதான். நீர்த்தேக்கங்கள் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு, களியில் ஒரு பங்கைக் கீழே போகவிடுகின்றன. முகத்துவாரத்தில் உப்புநீர் பட்டதும் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி அங்கேயே படிகின்றன. கடற்புல்லுக்கும் பவளத்துக்கும் வெளிச்சம் குறைவது இப்படித்தான்.

பொஸ்பரஸ் செய்யும் வேலைக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கிராம் பொஸ்பரசால் ஏறத்தாழ 100 கிராம் உலர் எடையுள்ள பாசி வளர முடியும். அந்தப் பாசி செத்து அடியில் அழுகும்போது 140 கிராமளவு ஒட்சிசனை உறிஞ்சும். வெதுவெதுப்பான கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏழு மில்லிகிராம் ஒட்சிசன்கூட இராது. அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு பொஸ்பரசாக இருக்கும் டீ.எஸ்.பி. உரத்தில் ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டியளவு, சுமார் 20,000 லீற்றர் கடல்நீரின் மூச்சை நிறுத்தப் போதும்.

ஒட்சிசன் தீர்ந்ததும் இரும்பு தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. மலையில் பொஸ்பரசை விடாப்பிடியாகப் பிடித்திருந்த அதே இரும்பு, ஒட்சிசனில்லாச் சேற்றில் கரையும் வடிவத்துக்கு மாறிப் பிடியை விட்டுவிடுகிறது. விடுபட்ட பொஸ்பரஸ் மேலே வந்து மறுபடி பாசியை வளர்க்கிறது. வெளியிலிருந்து புதிதாக ஒன்றும் வராவிட்டாலும் கடல் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளத் தொடங்கும்.

வட ஐரோப்பாவின் பால்டிக் கடல் இந்தச் சுழலில்தான் அகப்பட்டிருக்கிறது. குறுகிய வாயில்களைக் கொண்ட அந்தக் கடலின் நீர் முழுதாக மாற ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். கரையோர நாடுகள் அதைக் காக்க 1974இல் ஹெல்சிங்கி உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. டீ.டீ.டீ. பூச்சிகொல்லியும் பீ.சீ.பீ. என்ற ஆலை இரசாயனமும் தடைசெய்யப்பட்ட பிறகு வெண்வால் கழுகும் சாம்பல் கடல்நாயும் திரும்பிவந்தன. கடலில் சேரும் பொஸ்பரசும் 1980களின் உச்சத்திலிருந்து பாதியளவுக்குக் குறைந்தது. ஆனாலும் ஒட்சிசன் குன்றிய அடித்தளம் 60,000 சதுர கிலோமீற்றர் வரை விரிந்தது. கிட்டத்தட்ட இலங்கையின் பரப்பு. நஞ்சை நிறுத்தினால் உயிர்கள் திரும்பிவிடுகின்றன. சேற்றில் சேர்ந்துவிட்ட உரம் அவ்வளவு எளிதில் போவதில்லை.

நம் கடல் பால்டிக் ஆகிவிடும் என்று பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. கொட்டியாரக் குடா ஆழமானது, திறந்தது. பருவக்காற்று நீரைப் புரட்டிப் போடுகிறது. அடைபட்டுக் கிடப்பவை நம் நீர்த்தேக்கங்கள்தான். 1991இல் கொத்மலையில் நீலப்பச்சைப் பாசி பூத்தது. கடலுக்கு வரக்கூடியது முதலில் மலையிலேயே தலைகாட்டும்.

1995இல் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், மாலைதீவு ஆகிய ஐந்து நாடுகளும் தென்னாசியக் கடல்களுக்கென ஒரு செயற்திட்டத்தை ஏற்றன. நிலத்திலிருந்து வரும் மாசும் அதில் அடக்கம். நிலம் என்றால் ஆலைக் குழாயும் நகரச் சாக்கடையும் நினைவுக்கு வரும் அளவுக்கு, கவ்வாத்து வெட்டிய, அதாவது செடியின் கிளைகளைக் கழித்துவிட்ட, தேயிலை மலை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, உள்ளே இடையிடையே வெட்டாத மண்ணைத் தடுப்பாக விடுவது தோட்டங்களில் பழைய பழக்கம். தண்ணீர் தேங்கி ஊறும். மணலும் வண்டலும் நிற்கும். களிக்கு அது போதாது. களியை அது கிளம்புமுன்பே பிடிக்க வேண்டும். பெரிய மழைத்துளி விநாடிக்கு ஒன்பது மீற்றர் வேகத்தில் வந்து மோதித்தான் மண்கட்டியை உடைத்துக் களியைக் கிளப்புகிறது. கொழுந்து அடர்ந்த மலையில் இலை அந்த அடியை வாங்கிக்கொள்ளும். கவ்வாத்து முடிந்த மலையில் வெறும் மண்தான் வாங்கும். வெட்டிய கிளைகளை, அதாவது மிலாறை, அங்கேயே பரப்பி விட்டால் அடி மண்ணில் படாது. ஆனால் மிலாறுதான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்புக்கு விறகு. 2022இல் கேஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது அதன் அருமை இன்னும் கூடியது. மலையில் மிலாறு கிடக்க வேண்டும் என்று சொல்பவர்கள், அந்த வீடுகளில் எதைக் கொண்டு சோறு பொங்குவது என்பதையும் தங்கள் திட்டத்தில், செலவோடு சேர்த்து எழுத வேண்டும்.