லிங்க் அக்ரிகேஷன்: வடமா, திரளா?

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வலையமைப்பு வேலை பார்ப்பவர்கள் சுருக்கமாக ‘லேக்’ என்று சொல்வது, இரண்டு சுவிட்சுகளுக்கு (கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் கருவிகளுக்கு) நடுவே பல கேபிள்களை இழுத்து, அவற்றை ஒரே இணைப்பாக நடத்தும் லிங்க் அக்ரிகேஷனைத்தான். (சில நிறுவனங்களின் கருவிகளில் இதற்கே ‘ட்ரங்க்’ என்று பெயர், வேறு சிலவற்றில் ட்ரங்க் என்றால் பல விலேன்களை, அதாவது ஒரே வலையமைப்புக்குள் பிரித்த தனித்தனி வலைகளை, சுமக்கும் இணைப்பு.) இப்படிச் சேர்க்காமல் இரண்டாவது கேபிளைச் செருகினால், தரவு வலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வராமல் காக்கும் ‘ஸ்பானிங் ட்ரீ’ என்னும் நெறிமுறை அதை அடைத்துவிடும்.

தேர்வடம் பிடித்துப் பழகிய நமக்கு, இதற்குத் தமிழில் ‘இணைப்பு வடம்’ என்று பெயரிடத் தோன்றும். நானும் சில காலம் அப்படித்தான் எழுதிவந்தேன். அது பிழை. வடத்தில் முறுக்கிய புரிகள் எல்லாம் ஒரே சுமையைப் பகிர்ந்து இழுக்கின்றன. சுவிட்சோ, அனுப்புநர், பெறுநர் முகவரிகளைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டு, இரு கணினிகளுக்கு இடையிலான ஓர் உரையாடலின் சட்டகங்கள் (‘ஃபிரேம்’ எனப்படும் தரவுத் துண்டுகள்) வரிசை பிறழாதிருக்க அவை முழுவதையும் ஒரே கேபிளில் விடுகிறது. ஆகவே 1 கிகாபிட் கேபிள்கள் நான்கைச் சேர்த்தாலும், ஒற்றைக் கோப்பின் நகல் 1 கிகாபிட் வேகத்தைத் தாண்டாது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போதுதான் நான்கின் பயனும் தெரியும்.

அக்ரிகேஷனின் வேர், மந்தையைக் குறிக்கும் ‘கிரெக்ஸ்’ என்னும் லத்தீன் சொல். மந்தையில் மாடுகள் கூட்டமாகப் போனாலும் ஒவ்வொன்றும் தன் காலால்தான் நடக்கிறது. அதனால் ‘இணைப்புத் திரட்டல்’ என்பதே பொருந்தும்.

இந்தத் திரட்டலில் ‘டைனமிக்’, ‘ஸ்டாட்டிக்’ என்று இரு முறைகள் உண்டு. ‘டைனமிக்’ என்பதற்கு ‘இயங்குநிலை’ என்பது அகராதிப் பொருள். இங்கே நடப்பதை அது சொல்வதில்லை. 2000இல் ஐஇஇஇ அமைப்பின் 802.3ஏடி தரத்தில் வந்து, 2008இல் 802.1ஏஎக்ஸ் தரத்துக்கு மாறிய எல்ஏசிபி (லிங்க் அக்ரிகேஷன் கன்ட்ரோல் புரோட்டோகால்) நெறிமுறைப்படி, இருமுனைச் சுவிட்சுகளும் நொடிக்கு ஒருமுறையோ 30 நொடிக்கு ஒருமுறையோ செய்தி அனுப்பித் தம் விவரங்களை ஒப்பிடுகின்றன. அந்தக் கால அளவின் மும்மடங்கு நேரம் செய்தி வராத கேபிள் திரளிலிருந்து நீக்கப்படும். நகரத்தார் திருமணத்தில் இரு வீட்டாரும் கையொப்பமிடும் இசைபிடிமானம் என்னும் திருமண ஒப்பந்தத்தை அறிந்தவர்களுக்கு ‘இசைவுத் திரட்டல்’ என்றால் உடனே விளங்கும். பேச்சே இல்லாமல் ஒவ்வொரு முனையிலும் தனித்தனியே அமைக்கும் ‘ஸ்டாட்டிக்’ முறையை ‘ஒருதலைத் திரட்டல்’ எனலாம்.

எல்ஏசிபியை அமைக்கும்போது வரும் ‘ஆக்டிவ்’, ‘பாசிவ்’ நிலைகளை நான் ‘முந்துநிலை’, ‘ஏற்புநிலை’ என்கிறேன். முந்துநிலை தானே பேச்சைத் தொடங்கும். ஏற்புநிலை, கேட்டால் மட்டும் பதில் சொல்லும். இரு முனைகளையும் ஏற்புநிலையில் வைத்துவிட்டால் கேபிள்கள் சரியாக இருந்தும் திரள் அமையாது.